ஏர் தொடாத அரிசி

கால் கிலோ எழுபது என்றாள் துகால்ஹின்.
போன வருஷம் ஐம்பது.
"ஐப்பசியில் இடுப்பளவு பள்ளத்தில் நின்று
கதிர் தட்டி எடுத்தது, மோங்ரா.
அட்டைக்கடிக்கு ஒரு ரூபாய் என்று
நீயே கணக்குப் போடு."
துர்க் சந்தையில் இந்த ஒரு நாள் மட்டும்
உயர்ந்த ரக அரிசியெல்லாம் ஓரச் சாக்கில் தூங்கும்;
யாரும் விதைக்காமல் முளைத்த
பசஹர் அரிசிக்குத் தராசடியில் தள்ளுமுள்ளு.

இன்று கமர்சட்.
பிள்ளை பெற்றவள் உழுததைத் தின்னக்கூடாது,
உழுததை மிதிக்கவும் கூடாது.
பசும்பால் ஆகாது, அதன் கன்று ஏர் இழுக்குமாம்.
எருமைத் தயிர் ஆகும்.
எங்கள் பக்கம் எருமைக்கடாவும்தான் ஏர் இழுக்கிறது.
பூசாரியிடம் இதைக் கேட்டேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆறு கீரை வேண்டும்.
பூசணித் தளிர், முருங்கை,
வேலியோரத்தில் கிடைத்தது மூன்று.
ஆறாவது எதுவென்று வருஷா வருஷம் மறந்து
மிளகாய்ச் செடியின் இலையைக் கிள்ளிப் போடுவேன்.
கரண்டி தொடாமல்
இலுப்பைக் குச்சியால் கிண்டி, இந்துப்பு தூவி.

எல்லாம் திஜாவுக்காக.
இருபத்து மூன்று வயது.
தவணையில் வாங்கிய சிவப்பு டிராக்டரில்
மணிக்கு இவ்வளவென்று ஊர் நிலமெல்லாம் உழுகிறான்.
"இன்றைக்கு என்னைத் தொடாதே,
நானே ஏர்" என்று காலையில் சிரித்துவிட்டுப் போனான்.
உழுது பிழைக்கிறவன் நீண்ட நாள் இருக்க
உழாததைத் தின்கிறேன்.
எனக்கும் அது தெரியாமல் இல்லை.

முற்றத்தில் சின்னக் குட்டை வெட்டி
பெண்கள் எல்லோரும் நீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.
ஐந்தாவது குடம் சாயும்போது
பிசாகுவின் மகன் ஓடிவந்தான்.
தக்காளி போடப் போகும் தெற்கு வயலில்
வண்டி கவிழ்ந்துவிட்டது.

வரப்பு வழியாகத்தான் ஓடினேன்.
வரப்பு, உழாத மண்.
அது முடிந்த இடத்திலிருந்து பார்த்தேன்.
சேற்றில் சாய்ந்து கிடந்தது வண்டி.
ஒரு சக்கரம் ஆகாயத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
கீழே நீலச் சட்டையின் ஒரு கை.
நாற்பது அடி இருக்கும்.
நாற்பது அடியும்
அவனே உழுதது, அன்று காலை.

நின்றாயா என்று பிறகு கேட்டார்கள்.
நின்றேன்.
ஒரு மூச்சளவு நின்றேன், பொய் சொல்லமாட்டேன்.
பிறகு முழங்கால் வரை இறங்கினேன்.

இடது கால், இரண்டு விலா எலும்பு.
உயிருக்கு ஒன்றுமில்லை என்று
மூன்று முறை சொல்லவைத்தேன் டாக்டரை.
ராத்திரி ஆஸ்பத்திரித் தட்டில்
வெள்ளைச் சோறும் பருப்பும் வந்தன.
பாதி தின்றவன் பாதியிலேயே தூங்கிப்போனான்.
அந்த மீதியை நான் தின்றேன்.
எத்தனை ஏர் ஓடிய நிலத்துச் சோறோ.
நன்றாக இருந்தது.
விடிந்ததிலிருந்து வெறும் வயிறு,
எது தந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

சுக்வாரோ பஸ் ஏறி வந்தாள்,
வெண்களிமண் நனைத்த துணியைப் பையில் சுருட்டிக்கொண்டு.
பிள்ளையின் முதுகில் ஆறு முறை ஒற்ற வேண்டும்.
முதுகைத் திருப்ப முடியாது.
மாவுக்கட்டின் மேல் ஒற்றினேன்,
ஒன்று, இரண்டு, ஆறு.
வெள்ளை மேல் வெள்ளை,
பட்ட இடமே தெரியவில்லை.
"அங்கே என்ன?" என்றாள் நர்ஸ்.
ஈ என்றேன்.

நோன்பு போயிற்று என்கிறார்கள் தெருவில்.
இருக்கலாம்.
அவன் குறட்டை விடுகிறான்.

எட்டாம் நாள் துகால்ஹின் வாசலில் நின்றாள்.
"அரிசியைப் பொங்கினாயா?"
இல்லை, அப்படியே இருக்கிறது,
திருப்பி எடுத்துக்கொள்கிறாயா?
சிரித்தாள்.
"நோன்பு முடிந்தால் இதைக் கோழிகூடக் கேட்காது.
வேப்பிலை போட்டு டப்பாவில் வை.
அடுத்த வருஷம் கால் கிலோ தொண்ணூறு."